சரித்திரக் காதல் கதையில் வாய்ச்சண்டை எடுபடவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கோட்டைக்குள் சதி நடக்கிறது, போர்க்களம் கண்முன் நிற்கிறது, கதை ஓடுகிறது. நாயகனும் நாயகியும் எதிரெதிரே நின்று வாயைத் திறந்ததும் பக்கம் தொய்ந்துவிடுகிறது. சரித்திரக் காதல் எழுதுகிற பலருக்கு இந்த இடத்தில்தான் கை நின்றுபோகும். உடனே எல்லோரும் செய்வது வசனத்தை மெருகேற்றுவது: இன்னொரு உவமை, இன்னும் கூர்மையாக ஒரு குத்தல். அதனால் பெரும்பாலும் பயன் இருக்காது. பழுது வசனத்துக்கு அடியில் இருக்கிறது. இந்த இருவரும் ஒருவரிடம் ஒருவர் எதைச் சொல்ல முடியாமல் நிற்கிறார்கள் என்பதை எழுதுகிறவர் முடிவு செய்யாமலே பேசவிட்டிருப்பார்.

அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள். காட்சியின் ஓரத்தில் இரண்டு வரி எழுதுங்கள்: அவன் சொல்ல முடியாதது என்ன, அவள் சொல்ல முடியாதது என்ன. இதைச் சொல்லாத வரி என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு வரியை எழுத முடியவில்லையென்றால் காட்சியை இன்னும் யோசிக்க வேண்டும். எழுத முடிந்தால் கீழே உங்களுக்கு எந்த அறிகுறி பொருந்துகிறதோ அதற்குப் போங்கள்.

உதாரணத்துக்கு ஒரு கதையை நானே வைத்துக்கொள்கிறேன். முதலாம் குலோத்துங்க சோழன் காலம், நாகப்பட்டினம் துறைமுகம். தகப்பனார் கடலுக்குப் போயிருக்கும்போது சரக்குக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் மகள் உமையாள். துறையில் சுங்கம் வாங்கும் அதிகாரி ஆரூரன். இந்தக் காலத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 1070-இல் பட்டத்துக்கு வந்த குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பெயர். சுங்கத்தை அவன் நீக்கிய அன்று ஆரூரனுக்கு அவளைப் பார்க்க இருந்த ஒரே சாக்கும் போய்விடும். காதல் கதைக்கு வரலாறே இப்படி ஒரு முடிச்சைப் போட்டுக்கொடுத்தால் விடலாமா?

அறிகுறி: பெயரை மறைத்துவிட்டால் யார் பேசுகிறார் என்றே தெரியவில்லை

இப்படி இருக்கும்:

“உம்மைப் போல் திமிர் பிடித்தவரை நான் கண்டதில்லை!”

“உன்னைப் போல் வாயாடியை நானும் கண்டதில்லை!”

“சிங்கத்தின் முன் நிற்கிறாய் என்பதை மறந்துவிடாதே.”

“பூனையும் தன்னைச் சிங்கம் என்றுதான் நினைத்துக்கொள்ளுமாம்.”

நான்கு வரியும் சூடாகத்தான் இருக்கின்றன. ஆனால் இதை வேளிர் குலத்து இளவரசி பேசலாம், வணிகன் மகள் பேசலாம், நேற்று முடிந்த வேறொரு கதையின் நாயகியும் பேசலாம். காட்சியிலிருந்து ஒரு பொருள்கூட இதற்குள் வரவில்லை. அதுதான் காரணம்.

மருந்து, இருவர் கைக்கும் வேலை கொடுப்பது. அந்த வேலையிலிருந்தே பேச்சு பிறக்கட்டும். துறைமுகத்தில் என்ன இருக்கும்? கீழைக் கடல் தீவுகளிலிருந்து வந்த கற்பூரம் இருக்கும். கற்பூரம் திறந்து வைத்தால் காற்றில் கரையும், எடை குறையும், விலையோ அதிகம். அதை நிறுத்துப் பார்த்துச் சுங்கம் போட வேண்டியவன் அவன். இப்போது எழுதிப் பாருங்கள்:

ஆரூரன் பேழையின் மூடியைத் திறந்தான். “எவ்வளவு எடை?”

“ஓலையில் இருக்கிறது.”

“ஓலையில் இருப்பது கப்பலிலிருந்து இறக்கியபோது இருந்த எடை. கற்பூரம் ஓலையைப் படிக்காது.”

“அப்படியானால் சீக்கிரம் நிறுத்துவிடும். நீர் வாய் திறக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மஞ்சாடி நட்டம்.”

“சுங்கமும் அந்த அளவு குறையுமே. தங்களுக்கு ஆதாயம்தானே?”

“சரக்குக் குறைந்து சுங்கம் குறைவதை ஆதாயம் என்று சொல்பவர் வாணிகம் செய்தவராக இருக்க முடியாது.”

“செய்ததில்லை. அதனால்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.”

உமையாள் மூடியைக் கையில் எடுத்தாள். பேழை திறந்தே இருந்தது.

இங்கே யாரும் யாரையும் புகழவில்லை, திட்டவும் இல்லை. ஆனால் பேச்சு நீள நீள அவளுக்கு நட்டம், அது அவளுக்கும் தெரியும், மூடி அவள் கையில்தான் இருக்கிறது. அவள் மூடாமல் நிற்பதுதான் காதல். பெயரை மறைத்தாலும் யார் வணிகர், யார் அதிகாரி என்று தெரிகிறது. மஞ்சாடி என்ற அளவையும் சும்மா வரவில்லை. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. பொன்னை நிறுக்கும் சிறு அளவையால் தன் நேரத்தை அளக்கிறாள் என்பதிலேயே அவள் எப்படிப்பட்டவள் என்பது வந்துவிடுகிறது.

காட்சியில் இடமும் பொருளும் இல்லாமல் இரண்டு தலைகள் மட்டும் பேசிக்கொண்டிருந்தால், இருவருக்கும் நடுவே என்ன இருக்கிறது, எத்தனை அடி தூரம், யார் கையில் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். திருவாரூர்க் கோயில் கல்வெட்டில் முதலாம் ராஜேந்திர சோழனும் அவனுடைய அணுக்கியார் (மனதுக்கு நெருக்கமானவர்) பரவை நங்கையாரும் நின்ற இடம் தெரிவதற்கு வைத்த குத்துவிளக்கு ஒன்று பதிவாகியிருக்கிறது. ஒரு வசனமும் இல்லை. இருவர் சேர்ந்து நின்ற இடம் எது என்பதை மட்டும் கல் சொல்கிறது, நமக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.

அறிகுறி: சண்டை நன்றாக இருக்கிறது, காதல்தான் வரவில்லை

இருவரும் மாறி மாறி வெட்டிக்கொள்கிறார்கள். வாசகருக்கு இவர்கள் பிரிந்து போனால் இருவருக்கும் நல்லது என்று தோன்றுகிறது.

இதற்கு நம்மிடம் பழைய அளவுகோல் ஒன்று உண்டு. புலவி, துனி என்று பிணக்கைத் தரம் பிரித்து வைத்த மொழி இது. புலவி பொய்க்கோபம், தணிக்கச் சொல்லிக் கேட்கும் கோபம். துனி முற்றிய வெறுப்பு. உப்பு அளவாக இருப்பது போன்றது புலவி, சிறிது நீட்டினாலும் உப்பு மிகுந்ததாகிவிடும் என்கிறது குறள் (1302). உங்கள் காட்சியில் எந்த வரியில் புலவி துனியாகிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு வரியாக இருக்கும். ஒருவர் மற்றவருடைய பிறப்பையோ, தோற்றுப்போன போரையோ, இறந்துபோன உறவையோ தொட்ட வரி. அதை எடுத்துவிட்டால் காட்சி மூச்சுவிடும். அந்த வரி கதைக்கு வேண்டும் என்றால் அதை வாய்ச்சண்டைக்குள் வைக்காதீர்கள். அது பெரிய மனக்காயம், தனி அத்தியாயம் கேட்கும்.

இரண்டாவது காரணம், இருவரும் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்பதில்லை. அவரவர் தயாராக வைத்திருந்த குத்தலை வரிசையாக வீசுகிறார்கள். காது கொடுத்துக் கேட்பதுதான் ஈர்ப்பின் முதல் அடையாளம். எதிரி சொன்ன சொல்லை எடுத்து, அதைத் திருப்பிப் பிடித்துப் பதில் சொல்ல வேண்டும். இதற்குப் பாடம் படிக்க வேண்டுமென்றால் புலவி நுணுக்கம் அதிகாரத்தின் கடைசி நான்கு குறள்களை (1317 முதல் 1320 வரை) ஒரே காட்சியாகப் படியுங்கள். அவன் தும்முகிறான். அவள் வழக்கம் போல வாழ்த்திவிட்டு உடனே அழுகிறாள்: யார் நினைத்ததால் தும்மினீர்? அடுத்த தும்மலை அடக்குகிறான். அதற்கும் அழுகை: உம்மவர் நினைப்பதை என்னிடம் மறைக்கிறீரோ? சமாதானம் செய்கிறான். கோபம்: மற்றப் பெண்களிடமும் இப்படித்தான் குழைவீர் போலும். பேசாமல் பார்த்துக்கொண்டு இருக்கிறான். அதற்கும் கோபம்: யாரோடு ஒப்பிட்டு இப்படிப் பார்க்கிறீர்?

எவ்வளவு கச்சிதம் பாருங்கள். ஒவ்வொரு பழியும் முந்தைய அசைவிலிருந்து பிறக்கிறது. அவன் எதைச் செய்தாலும் அவளுடைய கண் அதில் இருக்கிறது. ‘எனக்கு நீ வேண்டும்’ என்பதை ஒருமுறைகூடச் சொல்லாமல் நான்கு முறை சொல்லிவிட்டாள். உங்கள் காட்சியில் ஒவ்வொரு வசனத்துக்கும் அருகில், இது முந்தைய வரியின் எந்தச் சொல்லை அல்லது எந்த அசைவைப் பற்றிக்கொண்டு வருகிறது என்று கோடு போட்டுப் பாருங்கள். கோடு போட முடியாத வரிகளை வெட்டலாம். மனசு கேட்காது. அந்த வரிகள்தான் நமக்கு ரொம்பப் பிடித்த வரிகளாக இருக்கும். வெட்டுங்கள்.

அறிகுறி: வாசகர் சிரிக்கிறார், ஆனால் அடுத்த சந்திப்புக்காகத் தவிக்கவில்லை

பேச்சு சுவையாக இருக்கிறது. நகைச்சுவை நாடகம் போல முடிந்து போகிறது. இருவரையும் பிணைக்கும் இரகசியம் ஏதும் இல்லாததுதான் குறை.

கலித்தொகை 51-ஆம் பாடலில் கபிலர் இதைச் செய்து காட்டியிருக்கிறார். சின்ன வயதில் மணல்வீட்டைக் காலால் கலைத்துத் தொல்லை தந்தவன், வளர்ந்த பிறகு ஒருநாள் வீட்டு வாசலில் வந்து தண்ணீர் கேட்கிறான். கொடுக்கப் போனவளின் வளைக்கையைப் பற்றிவிடுகிறான். அவள் திடுக்கிட்டு, ‘அம்மா, இவன் செய்ததைப் பார்’ என்று கத்துகிறாள். தாய் அலறிக்கொண்டு ஓடி வருகிறாள். அந்த ஒரு கணத்தில் மகள் சொல்வது: தண்ணீர் குடிக்கும்போது விக்கினான். தாய் அவன் முதுகைத் தடவிக்கொடுக்கிறாள். அவன் கடைக்கண்ணால் கொல்வது போலப் பார்த்துச் சிரிக்கிறான்.

இந்தக் காட்சியில் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது மிகக் கொஞ்சம். எல்லாம் அந்தப் பொய்யில் இருக்கிறது. மூன்றாவது ஆளுக்கு முன்னால், இருவருக்கு மட்டும் புரியும் ஒரு பொய். அதற்குப் பிறகு இருவரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள்.

உங்கள் கதையில் மூன்றாவது ஆள் யார்? தோழி, தாய், மெய்க்காவலன், கணக்கன், யாராவது ஒருவரை அருகில் நிறுத்துங்கள். தனிமையில் பேசும் காட்சிகளைப் பாதியாகக் குறையுங்கள். உமையாளும் ஆரூரனும் கிடங்கில் தனியாக இருந்தால் எதையும் பேசலாம், அதனால் எந்தப் பேச்சுக்கும் எடை இல்லை. பக்கத்தில் ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்கட்டும். “இந்தப் பேழையில் எடை குறைகிறதே, ஏன்?” என்று அவர் கேட்கட்டும். முதல் நாள் அவனோடு பேசிக்கொண்டு நின்றதால்தான் குறைந்தது. அவள் என்ன சொல்வாள்? “மூடி சரியாகப் பொருந்தவில்லை” என்று சொல்லட்டும். “ஆம், மூடியில்தான் பழுது” என்று ஆரூரன் அதையே ஏட்டில் எழுதட்டும். இனி ‘மூடி’ என்ற சொல் எந்த அத்தியாயத்தில் வந்தாலும் வாசகர் நிமிர்ந்து உட்காருவார்.

அறிகுறி: கிண்டல் என்று எழுதியது தொந்தரவாகப் படிக்கப்படுகிறது

இதை வாசகர்கள் சொன்னால் கோபப்படாமல் கேட்க வேண்டும். பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரி. சரித்திரக் கதையில் ஆணுக்குப் படை இருக்கிறது, பட்டம் இருக்கிறது, கோட்டைக் கதவின் திறவுகோல் இருக்கிறது. அவளுக்கு நாவு மட்டும்தான். எதிர்த்துப் பேசினால் உயிர் போகும் நிலையில் இருப்பவளின் துடுக்குப் பேச்சு நமக்கு வீரமாகத் தெரியலாம், அவளுடைய இடத்தில் நின்றால் அது பயம். போரில் பிடித்துவரப்பட்ட பெண்களும் சோழர் வேளங்களில், அதாவது அரண்மனைப் பணிப்பெண்களின் குடியிருப்புகளில், இருந்தார்கள். அப்படி ஒருத்தியோடு தளபதி விளையாட்டாகப் பேசுவதை இனிமையான காட்சியாக எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கதை அவளுக்கு வேறு பலம் கொடுக்கும்வரை அங்கே வாய்ச்சண்டைக்கு இடமில்லை.

சரிசெய்ய, அவளால் ‘முடியாது’ என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போக முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் அவளுக்குக் காலூன்ற நிலம் கொடுங்கள். அதைக் கற்பனையாகக் கொடுக்க வேண்டியதில்லை, வரலாற்றில் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் கொண்டுவந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயில் பணிசெய்த ஆடல் மகளிரின்) பெயர், முன்பு இருந்த கோயில், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதெல்லாம் கல்வெட்டில் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு, அதாவது ஆண்டுக்கு நூறு கலம் நெல். சொந்த வீடும் வருமானமும் உள்ள அப்படி ஒருத்தி, அரண்மனை அதிகாரியிடம் “நாளை வாரும், இன்று எனக்கு நேரமில்லை” என்று சொன்னால் அந்த வரிக்கு எடை இருக்கிறது. அரச குலப் பெண்களும் வெறும் அலங்காரம் இல்லை. அதே கோயிலில், தான் கொடுத்தவற்றோடு ‘நம் அக்கன்’ கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டச் சொல்கிறான் ராஜராஜன். அந்த அக்கன் குந்தவை. அவளுடைய கொடையும் செல்வமும் அவள் பெயரிலேயே நிற்கின்றன.

கலித்தொகைப் பெண்ணை மறுபடி நினைத்துப் பாருங்கள். கையைப் பிடித்தது அவன். ஆனால் காட்டிக்கொடுக்கவும் காப்பாற்றவும் அவளால்தான் முடியும், அவள் வீட்டு வாசல் அது, கூப்பிட்ட குரலுக்குத் தாய் வருகிறாள். முடிவு அவள் கையில் இருப்பதால்தான் அந்தப் பொய் இனிக்கிறது.

அறிகுறி: வசனம் மேடை நாடகம் போல விறைத்து நிற்கிறது

“பிராணநாதா, தங்கள் திருவாய் மலர்ந்தருளிய மொழிகள்…” என்று போனால் எந்தக் கிண்டலும் பிழைக்காது. அதற்காகத் தெருப்பேச்சுக்கு இறங்கவும் வேண்டாம், காலம் கலைந்துவிடும். இலக்கணம் பிசகாத, குட்டையான வாக்கியம் போதும். கேட்ட கேள்விக்கு முழு வாக்கியத்தில் பதில் சொல்லாதீர்கள். “ஓலையில் இருக்கிறது” என்றாளே, அது போல.

விறைப்பை நெகிழ்த்த நம்மிடம் இருக்கும் மிகப் பெரிய கருவி தாங்கள், நீர், நீ என்ற படிகள். இதைப் பலர் வீணாக்குகிறார்கள். ஒரே பக்கத்தில் ‘தாங்கள்’ என்றும் ‘நீ’ என்றும் கவனமில்லாமல் மாறி மாறி வரும். வாசகர் அதைப் பிழையாக எடுத்துக்கொண்டு கடந்துவிடுவார். பிறகு நீங்கள் வேண்டுமென்றே மாற்றும்போதும் கவனிக்க மாட்டார். ஆகவே முதல் அத்தியாயத்திலேயே யார் யாரை எப்படி அழைப்பார் என்று எழுதி வைத்துக்கொண்டு கண்டிப்பாகப் பின்பற்றுங்கள். ஆரூரன் அவளைத் ‘தாங்கள்’ என்கிறான், பதவிக்குரிய மரியாதை அது. அவள் ‘நீர்’ என்கிறாள், சரிக்குச் சரி. பத்து அத்தியாயம் இப்படியே போகட்டும். ஒருநாள் பாய்மரக் கயிறு அறுந்து விழுகிறது. “உன் கை! கையை எடு!” என்று கத்துகிறான். ஆபத்து நீங்குகிறது. மூச்சு வாங்க, “தங்களுக்கு அடி ஏதும்…” என்று தொடங்குகிறான்.

“மறுபடியும் ‘தங்கள்’ ஆகிவிட்டேனா?”

இந்த ஒரு வரிக்காகத்தான் அந்தப் பத்து அத்தியாயக் கண்டிப்பு.

அறிகுறி: சிரிக்க வேண்டிய இடத்தை நீங்களே சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது

‘என்றாள் குறும்பாக’, ‘என்று கலகலவென நகைத்தான்’, ‘அவள் விழிகளில் விஷமம் மின்னியது’. இவற்றை எல்லாம் எடுத்துவிட்டு வசனத்தை மட்டும் படியுங்கள். குறும்பு தெரிந்தால் இந்தச் சொற்கள் தேவையில்லை. தெரியாவிட்டால் இவற்றால் வராது. பாத்திரங்கள் ஒருவர் பேச்சுக்கு ஒருவர் சிரிப்பதையும் குறையுங்கள். சிரிப்பை அடக்குகிறவரைத்தான் வாசகர் விரும்புவார்.

அறிகுறி: பேச்சில் திடீரென்று காலம் பிசகுகிறது

சோழர் காலத்துப் பெண் ‘மிளகாய்க் கோபம்’ காட்ட முடியாது. மிளகாய் போர்த்துக்கீசியரோடு வந்தது, 1498-க்கு முன்னால் இங்கே காரம் என்றால் மிளகுதான். ‘ஒரு நிமிடம்’ வேண்டாம், நாழிகை இருக்கிறது, நம் கணக்கில் 24 நிமிடம். அவன் விரல் பட்டதும் ‘மின்சாரம் பாய்ந்தது’ என்று கதைசொல்லி எழுதுவதும் இதில் சேரும். எழுதி முடித்த பிறகு உவமைகளை மட்டும் ஒருமுறை தனியாகத் தேடிப் பார்த்தால் போதும், விரைவில் முடிகிற வேலை.

அறிகுறி: காதலைச் சொல்லிவிட்ட பிறகு பேச்சு செத்துவிடுகிறது

தொடராக எழுதுகிறவர்களை அதிகம் வாட்டும் பழுது இது. இருவரும் மனம் திறந்துவிட்டார்கள். அடுத்த அத்தியாயத்திலிருந்து கொஞ்சல் மட்டும்தான். அல்லது பழைய குத்தல்களையே திரும்பச் செய்கிறார்கள், இப்போது அதில் காரமில்லை. காரணம் எளிது: சொல்லாத வரி தீர்ந்துவிட்டது. புதிது வேண்டும்.

சுங்கம் தவிர்த்த பிறகு ஆரூரனை எழுதிப் பாருங்கள். முத்திரையும் இல்லை, துலாக்கோலும் இல்லை. துறைக்கு வருகிறான்.

“இங்கே உமக்கு இனி என்ன வேலை?”

“ஒன்றுமில்லை.”

“வேலையில்லாதவர் வழியில் நிற்கக் கூடாது. மூட்டை இறக்குகிறார்கள்.”

“எங்கே நின்றால் வழியில் படாது?”

“கணக்கு எழுதுகிற இடத்தில். அங்கே ஒருவர் குறைகிறார்.”

இருவருக்கும் காதல் தெரியும், வாசகருக்கும் தெரியும். ஆனால் இப்போது அவனால் சொல்ல முடியாதது, நேற்றுவரை சுங்கம் வாங்கியவன் இன்று அவள் கையால் கூலி வாங்க வேண்டுமா என்பது. அவளால் சொல்ல முடியாதது, அவன் வேறு ஊருக்குப் போய்விடுவானோ என்ற அச்சம். இருவரும் வேலையைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள். வாய்ச்சண்டை மறுபடி உயிரோடு இருக்கிறது, வேறு கனத்தோடு.

நீளமான தொடராக இருந்தால் அத்தியாயப் பட்டியலில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அந்த நேரத்துச் சொல்லாத வரிகள் இரண்டையும் குறித்துக்கொண்டு போங்கள். மூன்று நான்கு அத்தியாயமாக அதே வரிகள் மாறாமல் இருந்தால் அங்கே ஒரு நிகழ்ச்சி குறைகிறது என்று பொருள். உமையாள் கதையில் அந்த இடத்தில் நான் தகப்பனாரின் கப்பலைத் துறைக்குக் கொண்டுவருவேன்: கணக்கு எழுதும் புதிய ஆள் யார் என்று அவர் கேட்பார், அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும், ஆரூரன் மூன்றடி தூரத்தில் எழுத்தாணியோடு உட்கார்ந்திருப்பான்.